மழைக்குப் பின் துளிர்த்த சோளம்: இரண்டு கறவைகளை இழந்த வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

நான்கு ஏக்கர் காடு, அதில் ஒன்றரை ஏக்கர் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், ஒரு கிணறு. கட்டுத்தரையில் நான்கு கலப்பினக் கறவைகள், கன்றோடு ஒரு காங்கேயம் பசு, பதினான்கு மேச்சேரி ஆடுகள். கணவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்வருகிறார். மாடுகள் முழுக்க இவர் பொறுப்பு. மாசியில் முக்கால் ஏக்கரில் தீவனச் சோளம் விதைத்து, சித்திரை பிறந்ததும் அறுத்திருக்கிறார்கள். அப்புறம் கிணறு வற்றிவிட்டது. சோளக்கட்டை கத்திரி வெயிலில் காய்ந்து கிடந்தது. வைகாசி முதல் வாரத்தில் இரண்டு நாள் நல்ல மழை. மறுநாளே கணவர் அரை மூட்டை யூரியாவை வீசிவிட்டார். ஒன்பதாம் நாள் பார்த்தால் காடு முழுக்க ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை.

மாமியார், "மழை பேஞ்சு துளுத்த சோளத்துல மாட்ட உடாத" என்று சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக வெறும் காய்ந்த தட்டைத் தின்று கொண்டிருந்த மாடுகளாயிற்றே என்று இரக்கப்பட்டு இவர் அவிழ்த்து விட்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் ஒரு மாடு மூச்சு வாங்கி, வாயில் நுரை தள்ளி, தள்ளாடி விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது முக்கால் மணி நேரத்துக்குள். மூன்றாவது தள்ளாடிப் படுத்தது, சாயங்காலம் தானாக எழுந்து அசைபோட்டது. நான்காவதுக்கு ஒன்றும் ஆகவில்லை. காங்கேயம் பசு சோளத்தில் வாயே வைக்கவில்லை. "செத்த மாட்டின் வாயைத் திறந்து பார்த்தோம், ஈறெல்லாம் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. விஷம் என்றால் நீலம் பாய வேண்டாமா?" என்று கேட்கிறார். அன்று பொழுது சாய்வதற்குள் ஜே.சி.பி. வைத்துக் குழி தோண்டி இரண்டையும் புதைத்துவிட்டார்கள்.

பக்கத்துக் காடு கணவருடைய சித்தப்பா மகனுடையது. வரப்புத் தகராறு நடந்து கொண்டிருக்கிறது. அன்று காலை அவர் முதுகில் மருந்து டேங்கோடு தன் காட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறார்கள். எனவே பங்காளிதான் விஷம் வைத்துவிட்டார் என்று கணவர் சொல்கிறார். அவிழ்த்து விட்டவளின் ராசி என்று வேறு சிலர். போலீசில் புகார் கொடுக்கலாமா, காப்பீடு கிடைக்குமா, மிச்சச் சோளத்தை என்ன செய்வது, மீதி மாடுகளின் பாலைக் கொடுக்கலாமா, மழை வந்து குளிர்ந்த பிறகும் பால் ஏன் ஏறவில்லை, கலப்பின மாடுகளை விற்றுவிட்டு நாட்டு மாடு வாங்கலாமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ராசியைப் பேசி முடித்துவிடுகிறேன். முப்பது வருடம் அரசுக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்திருக்கிறேன். கோடை மழை பெய்து ஏழெட்டு நாள் கழித்துச் சோளக்காட்டிலிருந்து இப்படி ஆள் ஓடி வருவது ஏறக்குறைய வருடா வருடம் நடக்கும். ஓடி வந்தவர்களில் அனுபவமுள்ள பெரிய பண்ணைக்காரர்களும் உண்டு. பசித்த மாட்டுக்குப் பச்சை காட்டியது உங்கள் தப்பு என்றால் அந்தத் தப்பைச் செய்யாத ஆள் கொங்கு நாட்டில் குறைவு.

கோடையில் நாம் எல்லோரும் வெயிலைத்தான் எதிரியாக நினைக்கிறோம். கத்திரி முடிந்து நாலு தூறல் விழுந்ததும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் என் பதிவேட்டில் ஒரே நாளில் இரண்டு மாடு, மூன்று மாடு என்று சேர்ந்து செத்தது வெயில் நாட்களில் அல்ல, மழைக்குப் பின் வந்த இரண்டு வாரத்தில்தான். நீங்கள் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தைப் பற்றியவையே.

செத்தது எதனால்

நான் மாட்டைப் பார்க்கவில்லை. பிணப் பரிசோதனையும் இல்லை. எனவே சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு இது சோளத்தின் சயனைடு நச்சு.

சோளச் செடியில் துரின் என்றொரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அதைச் சயனைடாக உடைக்கும் நொதியும் அதே செடியில்தான் இருக்கிறது, ஆனால் வேறு அறையில். இலையைக் கடித்து மெல்லும்போதும், மிதிபடும்போதும், வாடும்போதும் அறைச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மீதி வேலையைச் செய்துவிடுகின்றன. இளம் பயிரில் இது அதிகம், பூத்த பயிரில் மிகக் குறைவு. காய்ந்து குறுகிக் கிடந்த கட்டை, மழை பட்டதும் ஒரே வீச்சில் விடுகிற துளிரில் மிக மிக அதிகம். மேலே யூரியாவும் விழுந்தால் இன்னும் ஏறும். வறட்சி, மழை, துளிர், யூரியா, பசித்த மாடு என்று உங்கள் காட்டில் அன்று எல்லாம் வரிசையாக வந்து நின்றிருக்கின்றன.

எவ்வளவு வேண்டும் தெரியுமா? மாட்டின் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் சயனைடு உயிரை எடுக்கப் போதும். 350 கிலோ மாட்டுக்கு ஒரு கிராம்கூடத் தேவையில்லை. கடுமையான துளிராக இருந்தால் இரண்டு மூன்று கிலோ பச்சையிலேயே அது கிடைத்துவிடும்.

அப்புறம் அந்தச் சிவப்பு ஈறு. உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கி உட்காரவைத்த வரி அதுதான். விஷம் என்றால் நீலம் பாயும் என்பது எல்லா விஷத்துக்கும் பொருந்தாது. சயனைடு, உடம்பின் செல்கள் பிராணவாயுவை எடுத்துக்கொள்ள முடியாதபடி செய்துவிடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு நிறைய இருக்கும், அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. அதனால்தான் ஆரம்பத்தில் ரத்தமும் ஈறும் பளிச்சென்று சிவந்து தெரியும். மாடு மூச்சுத் திணறிச் சாகும், ஆனால் நிறம் நன்றாக இருக்கும். பார்க்கவே கொடுமையான காட்சி. நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்கள்.

மூன்றாவது மாடு எழுந்ததும் இதோடு ஒத்துப்போகிறது. சிறிது சிறிதாக வரும் சயனைடை மாட்டின் கல்லீரல் தானே செயலிழக்கச் செய்துவிடும். மொத்தமாக வேகமாக உள்ளே போனால்தான் தாங்காது. ஒன்றிரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்த மாடு பெரும்பாலும் பிழைத்துவிடும். அவசரமாக மேய்ந்தது முதலில் போயிருக்கிறது, மெதுவாக மேய்ந்தது தப்பியிருக்கிறது.

பங்காளி தெளித்த பூச்சிமருந்தாக இருக்கலாமோ என்றால், அந்த வகை மருந்துகள் வேறு மாதிரி அடையாளம் காட்டும். வாயில் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கழிச்சல் போகும், தசை துடிக்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடியாது, இழுத்துக்கொண்டு கிடக்கும். நீங்கள் இவை எதையும் எழுதவில்லை. யூரியா சாக்கை ஊறவைத்த தண்ணீரை மாடு குடித்திருந்தாலும் வேகமாகச் சாகலாம். அன்று அப்படி எதுவும் இருந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

காங்கேயம் பசு வாய் வைக்காததை வைத்து, நாட்டு மாட்டுக்கு விஷச்செடி தெரியும் என்று உங்கள் கணவர் சொல்கிறாராம். அதே கடிதத்தின் நான்காம் பக்கத்தில், கன்றுக்குப் பால் வேண்டுமென்று அந்தப் பசுவுக்கு மட்டும் தினமும் விடியற்காலையில் ஒரு கட்டுக் கடலைக்கொடி போடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். பசித்தால் காங்கேயமும் தின்னும், தின்றால் சாகும். நாட்டு மாடு என்று நம்பி அடுத்த மழைக்கு அதை அவிழ்த்து விட்டுவிடாதீர்கள்.

போலீஸ் புகார்

நான் வக்கீல் இல்லை. மருத்துவச் சான்றிதழ் கொடுத்துப் பழகியவன் என்ற அளவில் சொல்கிறேன். பிறர் மாட்டை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325வது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை உள்ள குற்றம். சந்தேகம் இருந்தால் புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதை யாரும் தடுக்க முடியாது.

ஆனால் புகார் நிற்க வேண்டுமானால் பிணப் பரிசோதனை வேண்டும், வயிற்றில் இருந்த தீவனம் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும். இப்போது தோண்டி எடுத்தாலும் சயனைடு அழுகிய உடலில் நம்பும்படி நிற்காது, ஆவியாகிப் போகும் பொருள் அது. ஒருவேளை கிடைத்தாலும் அது உங்கள் சோளத்திலிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அந்த இடத்தில் நான் சாட்சிக் கூண்டில் ஏறினால் நானும் அதையேதான் சொல்வேன். தன் காட்டில் மருந்து டேங்கோடு நின்றார் என்பது சாட்சியமாகாது. வரப்பை அளக்க வேண்டுமானால் சர்வேயருக்கு மனுக் கொடுத்து அளந்துகொள்ளுங்கள். அது வேறு வழக்கு. மாட்டை அதில் சேர்த்தால் இரண்டும் கெட்டுவிடும்.

காப்பீடும் நிவாரணமும்

இரண்டில் ஒரு மாட்டுக்கு மானியத் திட்டத்தில் காப்பீடு இருந்தது, காதில் மாட்டிய அடையாள வில்லையோடு புதைத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தமான செய்திதான். கால்நடைக் காப்பீட்டில் வில்லை இல்லையென்றால் இழப்பீடு இல்லை என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நிபந்தனை. மாடு செத்ததும் கம்பெனிக்குத் தகவல், கால்நடை மருத்துவரின் பிணப் பரிசோதனைச் சான்று, வில்லை, படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். புதைத்த பிறகு எந்த மருத்துவரும் தான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதித் தரக் கூடாது. அப்படி எழுதித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் உங்கள் பெயரும் சேர்ந்து கெடும்.

இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். நடந்த தேதி, நேரம், பார்த்தவர்கள் பெயர், அன்று செல்போனில் எடுத்த படம் எல்லாவற்றையும் வைத்து இன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள். ஜே.சி.பி.க்குப் பணம் கட்டிய ரசீதும் தேதிக்கு ஒரு சான்று. புதைத்த இடத்தைத் தோண்டி வில்லையை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகத் தோண்ட வேண்டாம். கம்பெனி எழுத்தில் கேட்டால், உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் முன்னிலையில் பார்க்கலாம். இழப்பீட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன், வாய்ப்புக் குறைவு. ஆனால் கேட்காமல் விட்டால் அந்தக் குறைந்த வாய்ப்பும் போய்விடும்.

மழையால் செத்ததுதானே, அரசு நிவாரணம் வருமென்று ஊரில் ஒருவர் சொன்னாராம். அவர் நினைப்பது பேரிடர் நிவாரணம். வெள்ளத்தில் அடித்துப் போனது போன்ற இழப்புகளுக்கு உள்ளது அது. 2022-26 காலத்துக்கான மத்திய அரசு அளவுகோலில் கறவைப் பசுவுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் வைத்திருந்தார்கள். தீவன நச்சு அந்தக் கணக்கில் வராது. மழைக்குப் பின் துளிர்த்த சோளம் என்று மனுவில் எழுதினாலும் மழை என்ற ஒரு சொல்லை வைத்து அதை ஏற்க மாட்டார்கள்.

இனி ஒரு விஷயம் மட்டும் மனதில் வையுங்கள். மாடு திடீரென்று செத்தால் எதையும் தொடுவதற்கு முன் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காரணம் காப்பீடு மட்டுமல்ல. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த மாட்டை அறுக்கவே கூடாது, மனிதருக்கும் பரவும். அறுப்பதா புதைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

மிச்சமிருக்கும் சோளம்

முக்கால் ஏக்கர் பச்சையையும் உழுதுவிடலாம் என்கிறார் கணவர், அறுத்துக் காயவைக்கலாம் என்கிறீர்கள் நீங்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் நீங்கள் சொல்வதன் பக்கம், சில நிபந்தனைகளோடு.

இன்றே அந்தக் காட்டுக்குப் படல் அடைத்து விடுங்கள். கயிறு அறுத்துக்கொண்டு ஓடும் மாட்டுக்கும் ஆடுகளுக்கும் சேர்த்து. பயிரை ஒரு சாணில் அறுக்காதீர்கள், வளரட்டும். துளிர்த்த நாளிலிருந்து 50 நாளாவது போகட்டும், கதிர் தள்ளிப் பூக்கட்டும். கோ.எஃப்.எஸ். 29 போன்ற பல அறுவடைத் தீவனச் சோளத்தில் முதல் அறுப்பு 65 நாள், அப்புறம் 50 நாளுக்கு ஒரு அறுப்பு என்று சொல்லிக் கொடுப்பது விளைச்சலுக்காக மட்டுமல்ல. நச்சு குறைந்த ரகம் என்று விதைக்கடையில் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குறைந்தது என்றால் இல்லாதது என்று பொருளல்ல. வறட்சியில் அடிபட்டுத் துளிர்த்தால் எந்த ரகமும் இந்த வேலையைச் செய்யும்.

நடுவில் மழை நின்று பயிர் வாடினால் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். உங்கள் பகுதி மழைமறைவுப் பகுதி. ஜூன் பிறந்து கேரளாவில் கொட்டினாலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்களுக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். அந்தக் காற்றில் ஒரே வாரத்தில் பயிர் சுருண்டுவிடும். சுருண்ட பயிரை, ஐயோ வீணாகிறதே என்று அறுத்துப் போடுவதுதான் இரண்டாவது விபத்து. பத்து வருடத்துக்கு முன் இதே மாதிரி ஆடியில் ஒரு கட்டுத்தரையில் மூன்று மாடுகளைப் பார்த்தேன்.

அறுத்தால் நன்றாகக் காயவையுங்கள். மூன்று நான்கு நாள் வெயிலில் திருப்பிப் போட்டு, தண்டை ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். அப்போது சயனைடு பெருமளவு போய்விடும். அரைவாட்டில் போடுவது பச்சையாகப் போடுவதைப் போலவே ஆபத்து. ஊறுகாய்ப் புல்லாக (சைலேஜ்) போட்டால் ஒரு மாதம் காற்றுப் புகாமல் மூடிவைத்து, திறந்ததும் கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் போடுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. யூரியா போட்ட, வறட்சியில் அடிபட்ட பயிரில் நைட்ரேட்டும் தங்கும். அது காயவைத்தால் போகாது. அடித்தண்டில்தான் அதிகம் என்பதால் ஒரு முழம் விட்டு அறுங்கள். முதல் முறை போடுவதற்கு முன் ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு மாவட்டத்தில் இருக்கும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ, உடுமலைப்பேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போய் என்ன பரிசோதனை செய்ய முடியும் என்று கேளுங்கள். பஸ் செலவு ஒரு மாட்டு விலையை விடக் குறைவு. அப்புறமும் முதல் நாள் மாட்டுக்கு வயிறு நிறைய வேறு தட்டைப் போட்டுவிட்டு, இதை ஒரு மாட்டுக்கு மட்டும் கொஞ்சமாகப் போட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தோன்றினால் உழுதுவிடுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஆள் இல்லாத நாள் அதிகம் என்கிறீர்கள். காவல் காக்க முடியாத தீவனத்தை விட இல்லாத தீவனம் நல்லது.

மாமியார் அன்றைக்கு விழுந்த மாட்டுக்குப் புளியும் வெல்லமும் கரைத்து ஊற்றச் சொன்னாராம், ஊற்றவில்லையே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். ஊற்றாதது நல்லது. தள்ளாடும் மாட்டின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகும். இதற்கு மருந்து சோடியம் தயோசல்பேட், ரத்தக்குழாயில் போட வேண்டியது. கூடவே போடும் சோடியம் நைட்ரைட் அளவு தவறினால் அதுவே கொல்லும். எனவே மருத்துவர் கை மட்டுமே. கால் மணி நேரத்தில் போகிற உயிருக்கு எந்த மருத்துவரும் வந்து சேர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது மாடு முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த மாதிரி மாட்டைக் காப்பாற்றியிருக்கிறோம். எனவே முதல் மாடு விழும்போதே மற்றவற்றைக் காட்டை விட்டு ஓட்டுங்கள், ஒருவர் போன் செய்யட்டும்.

எழுந்துவிட்ட மாட்டின் பாலைப் பற்றிக் கேட்டீர்கள். அன்றைய பாலைக் கொட்டியது சரி. மருந்து எதுவும் போடவில்லை, மாடு நன்றாகத் தின்கிறது என்றால் இப்போது சொசைட்டிக்குக் கொடுக்கலாம். சயனைடு உடம்பில் சேர்ந்து தங்கும் நஞ்சு அல்ல.

மழை வந்தும் பால் ஏன் ஏறவில்லை

ஒன்பது லிட்டர் கறந்த மாடு கத்திரியில் ஆறுக்கு இறங்கியது, மழைக்குப் பின் ஐந்துக்குப் போய்விட்டது என்கிறீர்கள். வெயில் தணிந்ததால் மின்விசிறியை நிறுத்திவிட்டீர்கள், சாரல் அடிக்காமல் இருக்கத் தார்ப்பாயைச் சுற்றிலும் கட்டிவிட்டீர்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

மாட்டுக்கு வெப்பமானியில் காட்டும் டிகிரி மட்டும் கணக்கல்ல, காற்றின் ஈரமும் சேர்த்துத்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வெப்ப ஈரப்பதக் குறியீடு என்று ஒன்று உண்டு. அது 72ஐத் தாண்டினாலே நல்ல கறவைக்குச் சிரமம் தொடங்கும். 40 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் என்றால் குறியீடு சுமார் 83. மழைக்குப் பின் 34 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் சுமார் 87. நமக்கு 34 இதமாகத் தெரிகிறது. மாட்டுக்கு வேர்வையும் மூச்சும் காய்வதற்கு வழியில்லாமல் புழுங்குகிறது. அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தார்ப்பாய்க்குள்ளே.

தார்ப்பாயைச் சுருட்டுங்கள், காற்று வரும் பக்கமாவது திறந்திருக்கட்டும். விசிறியைப் போடுங்கள். உடம்பில் தண்ணீர் தெளித்தால் விசிறியும் ஓட வேண்டும். காற்றில்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் புழுக்கம் கூடும். கூரைமேல் தென்னங்கீற்று பரப்பினால் நல்ல பலன் உண்டு. தீவனத்தை விடியலிலும் இருட்டிய பிறகும் போடுங்கள், தின்ற சில மணி நேரத்தில் வயிற்றுக்குள்ளே சூடு ஏறும் என்பதால் பகல் பதினோரு மணிக்குத் தொட்டி நிறைய வைக்கக் கூடாது. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கறவை மாடு கோடையில் நாளுக்கு 80, 100 லிட்டர் குடிக்கும், உங்கள் தாழி அதற்குப் போதுமா என்று ஒருநாள் அளந்து பாருங்கள். சினை நிற்கவில்லை என்ற கவலையை ஒரு மாதம் ஒத்திவையுங்கள். இந்த நாட்களில் மாடு பருவத்துக்கு வருவதே வெளியில் தெரியாது, ஊசி போட்டாலும் தங்குவது குறைவு.

நனைந்த தட்டுப் போரைப் பிரித்து மேலே கறுத்ததை ஒதுக்கிவிட்டு மீதியைப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கறுப்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சை வாடை வரும் இடம் வரை எடுத்து எருக்குழியில் போடுங்கள். பூஞ்சையின் நஞ்சு பாலிலும் இறங்கும்.

மேச்சேரி ஆடுகளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் இப்போது எனக்கு அவை மேல்தான் அதிகக் கவலை. கொரங்காட்டில் மழைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் துளிர்த்திருக்கும். இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற ஆட்டுக்குத் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும். மந்தையில் நன்றாகக் கொழுத்த குட்டிதான் முதலில் துள்ளி விழும். தடுப்பூசி போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டதென்றால் இந்த வாரமே மருந்தகத்தில் கேளுங்கள். முதல்முறை போடும் குட்டிக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு ஊசி. ஊசி வேலை செய்யும்வரை காலையில் காய்ந்த கொடியைக் கொஞ்சம் தின்ன வைத்து, வெயில் ஏறிய பின் கொஞ்ச நேரம் மட்டும் மேய விடுங்கள். மாடுகளுக்குத் தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் அதே நாளில் கேட்டுக்கொள்ளலாம்.

கலப்பினத்தை விற்றுவிட்டுக் காங்கேயம் வாங்குவதா? வெயிலைத் தாங்குவதில் காங்கேயத்துக்கு இணை இல்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் மாடு, உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்தெடுத்த இனம். உங்கள் வீட்டு மாதச் செலவு சொசைட்டிப் பணத்தில் ஓடுகிறது. துக்கத்தில் விற்றால் வாங்குகிறவன்தான் லாபம் பார்ப்பான், அதுவும் பால் இறங்கியிருக்கும் இந்த மாதத்தில். ஆடி கழியட்டும். புழுக்கம் குறைந்து பால் பழையபடி ஏறிய பிறகு, மீதியிருக்கும் இரண்டு கலப்பின மாடுகளின் கணக்கை எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள். செத்த இரண்டுக்குப் பதிலாக ஒன்று மட்டும், இரண்டாம் ஈற்று ஜெர்சிக் கலப்பாக வாங்கினால் உங்கள் தண்ணீருக்கும் ஆள்பலத்துக்கும் தாங்கும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, பங்காளியும் சித்திரையில் சோளம் அறுத்தார், அவர் காட்டிலும் கட்டை அப்படியே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் அதே மழைதான் பெய்திருக்கும், அதே ஒரு சாண் பச்சை இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் பேச மாட்டார் என்றால் மாமியாரையாவது அனுப்புங்கள். பங்காளி மாட்டை அவிழ்ப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.